மூன்று பனிக்கும் ஒரு பலகை

என் மனைவிக்குப் பனியில் சறுக்க ஒரு ஸ்னோபோர்ட் பலகை தேடி ஒரு கோடைகாலம் முழுக்க நான் சிட்னியில் கடை கடையாக அலைந்திருக்கிறேன். அப்படி அலைந்தவனுக்குப் பனி என்றாலே ஆகாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனியைப் பார்த்தால் எனக்கு ஃபிரிட்ஜின் மேல்தட்டைச் சுரண்டித் துப்புரவாக்கும் வேலைதான் ஞாபகத்துக்கு வரும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்து, எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து சேர்ந்தவன். இன்றுவரை மார்கழி மாதத்திலும் கையில் ஒரு ஸ்வெட்டரோடு திரிகிறேன். இங்கே மார்கழி கோடை என்று சொன்னாலும் உடம்பு நம்புவதில்லை.

அவள் அப்படியில்லை. பிளாக்டவுனில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தாள். காலை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் நின்றபடி வேலை. சத்தம் போட்டுப் பேசமாட்டாள். ஒரு முடிவு எடுத்தால் அதை வீட்டில் அறிவிக்கவும் மாட்டாள், பேசாமல் செய்துகொண்டு போவாள். நாங்கள்தான் பிறகு கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். பதினைந்து வயது வரைக்கும் வாய் ஓயாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கோபம், எந்த ரீச்சர் என்ன சப்பாத்துப் போட்டு வந்தா என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஏதோ ஒரு தவணையில் அது நின்றுபோனது. "ஸ்கூல் எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டால் "ஃபைன்." "சாப்பிட்டியோ?" "ஃபைன்." கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட அவளுக்கு இருக்கவில்லை. அறைக்கதவு சாத்திக்கொள்ளும். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானாம் என்று நானும் மனைவியும் மாறி மாறிச் சொல்லி எங்களை ஆற்றிக்கொண்டோம்.

அந்த முகம் மலர்ந்தது பனிமலையில் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அதன்பிறகு குளிர்காலம் தொடங்கினால் மலை, மலை என்று ஒரே அரிப்பு. அவள் எங்களிடம் வாய் திறந்து கேட்ட ஒரே சங்கதி அது என்பதால் நாங்களும் மறுக்கவில்லை. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் கன்பரா தாண்டி, கூமா தாண்டி, ஜிண்டபைன் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவேன். மலையடிவாரத்தில் நானும் மனைவியும் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு புட்டுப் பொட்டலத்தைப் பிரிப்போம். மகள் பலகையைத் தூக்கித் தோளில் வைத்து, "ஃப்ரெண்ட்ஸ் வெயிட் பண்ணினம்" என்று சொல்லிவிட்டு கம்பியில் தொங்கும் கதிரைகள் கொண்ட லிஃப்டில் ஏறிப் போய்விடுவாள். மேலே, வளைந்து நெளிந்த பனி யூக்கலிப்டஸ் மரங்களுக்குள் அவளுடைய ஜாக்கெட் நுழைவது தூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரியும். பிறகு அதுவும் தெரியாது.

அப்படி ஒரு நாள் சிவப்புப் பொட்டு மறைந்த பிறகு மனைவி சொன்னாள், "நானும் உது பழகப் போறன்."

"எது?"

"உந்தப் பலகைதான். அவள் போற இடத்துக்கு நானும் போகவேணும்."

எனக்கு வாயில் புட்டு. அவளே தொடர்ந்து சொன்னாள். "பாருங்கோ, மேல இருந்து இறங்கி வரத் தெரியாட்டி என்னாலை அவளோட மேல ஏறேலாது. இன்னும் மூண்டு குளிர்காலம்தான் கிடக்கு. பிறகு யூனிவர்சிட்டி எண்டு வெளிக்கிட்டிடுவாள். அதுக்குள்ள நான் பழகிப்போடவேணும்."

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சைக்கிள் ஓடத் தெரியாது. நீந்தத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் புட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஜிண்டபைனில் பலகை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடைக்குப் போனோம். ஸ்னோபோர்டில் நிற்பது பேருந்தில் முன்னுக்குப் பார்த்து நிற்பது போல அல்ல. பக்கவாட்டாக நிற்கவேண்டும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இரண்டையும் பலகையோடு வாரால் பூட்டிவிடுவார்கள். அதனால் கடையில் நின்றவன் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கால் முன்னுக்கு என்பதுதான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வலது" என்றோம்.

வேறு என்ன சொல்வோம்? புது வீட்டுக்குப் போனாலும் வலது கால், கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் வலது கால். மனைவி விமானத்தில் ஏறும்போதுகூட வாசலில் ஒரு கணம் நின்று, காலை மாற்றி வைத்துத்தான் உள்ளே போவாள். பின்னால் வருகிறவர்கள் அவள்மேல் முட்டுப்படுவார்கள். கடைக்காரன் எங்களை ஒரு முறை பார்த்தான். சில பேர் அப்படித்தான் என்று சொல்லி, வலது கால் முன்னுக்கு வருகிற மாதிரி ஆணிகளை முறுக்கிக் கொடுத்தான். நல்ல காரியத்தை நல்லபடியாகத் தொடங்கிவிட்டோம் என்று எனக்கு மனதுக்குள் திருப்தி.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் விழுந்தாள். முன்னுக்கு விழுந்தாள், பின்னுக்கு விழுந்தாள், சும்மா நின்றபடியும் விழுந்தாள். பிள்ளைகள் பழகும் சரிவில், அவளுடைய முழங்கால் உயரத்துக்கு இருந்த குஞ்சு குருமன் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. நான் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு விழுகைக்கும் பல்லைக் கடிப்பேன். ஒரு நாள் மகள் மேலேயிருந்து சறுக்கிக்கொண்டு வந்தவள், பனியில் குந்தியிருந்த தாயைக் கடந்துபோகையில், தெரிந்த ஆளுக்குக் காட்டுவது போல ஒரு கையை அரைவாசிக்குத் தூக்கினாள், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. என்ன பிள்ளை இது, தாயைத் தூக்கிவிடக்கூட நேரமில்லையா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். மனைவி பனியைத் தட்டிக்கொண்டு வந்து, "கை காட்டினாள் தானே, பிறகென்ன" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே அந்த அரைக் கையில் சந்தோஷப்பட்டிருந்தாள்.

செய்தி மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வரைக்கும் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில் ஒரு அன்ரி மனைவியின் கையில் அடிபட்டு நீலம் பாரித்திருந்த கண்டலைப் பார்த்து, "ஐஞ்சில வளையாதது ஐம்பதில வளையுமோ பிள்ளை?" என்று கேட்டா.

"ஐம்பதுக்கு இன்னும் கிடக்கு அன்ரி," என்று சொல்லி மனைவி சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

குளிர்காலம் முடிந்ததும் வாடகைப் பலகை சரிவராது, சொந்தமாக ஒன்று வேண்டும் என்றாள். வாங்குவது என் இலாகா. நான் ரயில் சிக்னல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். ஒரு விளக்கு எரிந்தால் அது ஏன் எரிகிறது என்று மூன்று வழியில் பார்த்த பிறகுதான் நம்புவேன். சோறு அவிக்கும் குக்கர் வாங்கப் போய்க் கடைக்காரனை அழவைத்த ஆள் என்று மனைவி சொல்வாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள், ஆனால் பொய் இல்லை.

"உமக்கு என்ன மாதிரிப் பலகை வேணும்?" என்று கேட்டேன்.

"அவள் போற இடமெல்லாம் போகிற பலகை. புதுப்பனி கொட்டினா அதுக்குள்ளயும் போகவேணும், மரத்துக்குள்ளயும் போகவேணும், மிஷின் வழிச்சு விட்ட சரிவிலையும் போகவேணும். மூண்டுக்கும் ஒண்டு."

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் அந்தக் கோடையில் பட்ட பாடு கொஞ்சமில்லை. புதுப்பனி மாப்போல இருக்கும். அதில் மிதக்க மூக்கு அகலமான நீளப் பலகை வேண்டுமாம். மரங்களுக்கு இடையில் சட்சட்டென்று திரும்பக் கட்டைப் பலகை வேண்டுமாம். இரவில் இயந்திரம் வழித்து விடுகிற சரிவு காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் விளிம்பு கடித்துப் பிடிக்க விறைப்பான பலகை வேண்டுமாம். நீளமாகவும் கட்டையாகவும் விறைப்பாகவும் இளக்கமாகவும் ஒரு சாமான் எங்கே இருக்கிறது? மூன்றுக்கும் பொதுவான பலகை என்று விற்பவையும் இருந்தன. ஆனால் அரிசி, உளுந்து, தேங்காய் எல்லாம் ஒரே மிஷினில் அரைக்கலாம் என்று சொன்னவனிடம் ஏற்கனவே ஏமாந்த வீடு எங்களுடையது. அந்த மிஷினில் கடைசியில் ஒன்றும் அரைபடவில்லை.

விளம்பரத்தை நம்பாமல் நானே படித்தேன். சஞ்சிகைகள் வாங்கினேன். கடைகளில் பலகையை இரண்டு கதிரைகளுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வரவேற்பறைக் கம்பளத்தில் நாடாவை ஒட்டி, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு பலகை வரைந்தேன். மனைவி வேலையால் வந்து அதில் ஏறி நின்று, முழங்காலை மடித்து, இல்லாத சரிவில் இறங்குவாள். மருந்துக்கடையிலும் மேசைக்குப் பின்னால் முழங்காலை மடித்தபடிதான் குளிசை எண்ணுகிறாள் என்று அவளோடு வேலை செய்கிற பெண் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சனங்களுக்கு மேசைக்கு மேலே தெரிவது ஒரு சாந்தமான முகம். மேசைக்குக் கீழே அவள் மலையில் நின்றிருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீளத்தில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. "ஒரு சைஸ் கூட்டி எடுப்பம், பழகப் பழகச் சரியாயிடும்" என்றேன். மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிய காலத்துப் பழக்கம்.

"நான் இனி வளரமாட்டன் அப்பா," என்றாள் மனைவி.

கடைசியில் நடுத்தரமாக ஒன்றை எடுத்தோம். நிமிர்த்தி வைத்தால் அவள் நாடிக்குக் கொஞ்சம் மேலே வரும். நடு இடம் அவளுடைய சின்னப் பாதத்துக்கு ஏற்ற ஒடுக்கம். முன்மூக்கு கொஞ்சம் அகலம், பின்வால் கொஞ்சம் கட்டை. கால்கள் பூட்டும் இடம் சரிநடுவில் இல்லாமல் ஒரு விரற்கடை பின்னுக்கு. அதனால் புதுப்பனியில் மூக்கு தானாக மேலே எழும்பும். கையால் அழுத்தினால் வளையும், விட்டதும் சட்டென்று நிமிரும். கரும்பச்சை நிறம். என் வாழ்நாளில் ஒரு சாமானை வாங்கிவிட்டு அடுத்த நாள் வேறொரு கடையில் விலை கேட்காமல் இருந்தது அதற்கு மட்டும்தான்.

புது வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். இது வாகனமா இல்லையா என்று எங்களுக்குள் சின்ன விவாதம் நடந்தது. ஆளைச் சுமந்துகொண்டு போகிறதென்றால் வாகனம்தான் என்று மனைவி முடித்துவைத்தாள். கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு புதுக் கார்களுக்கு அடுத்ததாகப் பலகையைச் சாத்தி வைத்துக்கொண்டு நின்றோம். ஐயர் வந்து பார்த்தார். ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "இதுக்கு முன்பக்கம் எது?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

இரண்டாவது குளிர்காலம் வந்தது. முருகனும் துணை, பலகையும் முதல்தரம். அவள் விழுவது மட்டும் நிற்கவில்லை.

முந்திய வருடத்தை விடக் கொஞ்சம் தூரம் போய் விழுந்தாள் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் சரிவைத் தாண்டி மேலே போகிற அளவுக்கு இல்லை. திரும்பும் இடத்தில் எல்லாம் உடம்பு ஒரு பக்கம், பலகை இன்னொரு பக்கம். எனக்குப் பலகைமேல் ஆத்திரம் வந்தது. விறைப்புக் கூடிப்போச்சு, ஒடுக்கம் கூடிப்போச்சு, இதை வித்துப்போட்டு வேற எடுப்பம் என்று காருக்குள் இருந்து புலம்பினேன்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," என்றாள் அவள். "இஞ்ச ஆடுறது நான். மேடையைப் பழி சொல்லுறது நீங்கள்."

அவளுக்கும் உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. அந்த மூன்றில் ஒரு குளிர்காலம் போய்விட்டது, இரண்டாவதும் பாதிக்கு வந்துவிட்டது. மகளோ வீட்டில் முன்னைவிட மோசம். சாப்பாட்டுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோய்விடுவாள். ஒரு நாள் காரில் திரும்பி வரும்போது மனைவி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குச் சரிவராதோ தெரியேல்ல" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பின் இருக்கையில் மகள் காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

அடுத்த முறை போனபோது முந்தின இரவு பனி கொட்டியிருந்தது. நான் வழக்கம் போல வேலியோரம். மனைவி வழக்கம் போல சரிவின் நடுவில் தடுமாறி, ஓரத்தில் குவிந்து கிடந்த மெல்லிய பனிக்குள் போய்ச் செருகினாள். விழவில்லை. பலகை அரைவட்டமாகச் சுழன்று, வால் முன்னுக்கு வந்துவிட்டது. இனி முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், பின்புறமாகவே வந்துகொண்டிருக்கிறாள். இடது கால் முன்னுக்கு. ஒரு திருப்பம் எடுத்தாள், விழவில்லை. இன்னொரு திருப்பம். தோள் தளர்ந்து, முழங்கால் மடிந்து, கம்பளத்து நாடாவில் நின்றாளே, அதே மாதிரி. வேலி வரைக்கும் வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு தன் கால்களையே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "கார்ல ஸ்குரூ டிரைவர் இருக்கோ?"

இருந்தது. என் காரில் எப்போதும் இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் விறைத்த விரல்களோடு நான் ஆணிகளைக் கழற்ற, அவள் கால்களைப் பிடிக்கும் இரண்டு பூட்டுகளையும் மாற்றி வைத்தாள். இடது காலுக்குரியது மூக்குப் பக்கம், வலது காலுக்குரியது வால் பக்கம். மாற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. ஒன்றரைக் குளிர்காலமாக அவளை விழுத்தியது பலகையுமில்லை, வயதுமில்லை. அந்தக் கடைக்காரன் கேட்டது எந்தக் காலை நம்பி உடம்பு முன்னுக்குப் போகும் என்று. நாங்கள் சொன்னது எந்தக் காலை வைத்தால் வீடு விளங்கும் என்று.

அவள் பனியில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். சாப்பிட வந்த மகள், என்ன என்று கேட்டாள். சொன்னோம். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அம்மா, யூ ஆர் கிட்டிங். நான் நினைச்சன் உங்களுக்கு நாச்சுரலா வலது கால்தான் எண்டு," என்று சொல்லிக் காரில் சாய்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டு வருடக்கணக்காகிவிட்டிருந்தது. ஒன்றரைக் குளிர்காலத்து விழுகைக்கும் அது போதும் என்று மனைவி பிறகு சொன்னாள். எனக்குப் போதாது. நான் எதையும் சுலபத்தில் மன்னிக்கிற ஆளில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் கண் கலங்கியது.

அதன்பிறகுதான் நான் வாங்கிய பலகை எப்படிப்பட்டது என்பது எனக்கே தெரியவந்தது. காலையில் இறுகிய சரிவில் அதன் விளிம்பு கிர்ரென்று கடித்துப் பிடித்தது. மத்தியானம் பனி கஞ்சிபோலக் குழைந்தபோதும் மூக்கைப் புதைக்காமல் ஏறிப் போனது. அவள் பிள்ளைகள் சரிவை விட்டு நடுச் சரிவுக்குப் போனாள், பிறகு அதற்கும் மேலே போனாள். மூன்றாவது குளிர்காலம் தொடங்கியபோது மரங்களின் ஓரம் வரைக்கும் போய்விட்டாள். இன்னொரு வேடிக்கையும் இருந்தது. வலது காலை முன்னுக்கு வைத்து அவ்வளவு காலம் பட்ட பாடு வீண்போகவில்லை. தேவைப்பட்டால் இரண்டு பக்கமும் போவாள். ஒரு மரம் திடீரென்று எதிரே வந்தால் மற்றவர்கள் சுற்றி வளைந்து போவார்கள். இவள் நின்ற நிலையில் வாலை முன்னுக்கு விட்டு வழுகிப் போய்விடுவாள். கம்பிக் கதிரையில் மேலே போய்க்கொண்டிருந்த வெள்ளைக்கார இளசுகள் அவளைப் பார்த்து விசிலடித்ததை என் காதாலேயே கேட்டேன். தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டிருந்ததால் அவர்களுக்கு அவள் வயதும் தெரியாது, பிளாக்டவுனில் மருந்து கொடுக்கிற ஆள் என்றும் தெரியாது. நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், "மை வைஃப்" என்றேன். அவர் கேட்கவேயில்லை.

மகளுக்கு மெல்பேர்னில் படிக்கத்தான் விருப்பம் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புச் சோதனைக்கு முன்னால், புரட்டாதியில், கடைசியாக ஒரு முறை மலைக்குப் போனோம். பனிக்காலம் முடிகிற நேரம், ஆனாலும் அதிர்ஷ்டத்துக்கு நல்லாய்க் கொட்டியிருந்தது. மகள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஃப்ரெண்ட்ஸ் வெயிட் பண்ணினம்," என்று வழக்கம் போலச் சொன்னாள்.

"நானும் வாறன்," என்றாள் மனைவி. "உன்ரை ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து வரேல்ல. பின்னால வாறன். கரைச்சல் தரமாட்டன்."

மகள் ஒரு நிமிடம் தாயின் பச்சைப் பலகையைப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு நடந்தாள். இரண்டு பேரும் ஒரே கம்பிக் கதிரையில் ஏறி இருப்பதை நான் கீழே நின்று பார்த்தேன். இவ்வளவு காலத்தில் அதுதான் முதல் தடவை.

நான் தேத்தண்ணிப் போத்தலோடு லிஃப்டடியில் காத்திருந்தேன். வந்தார்கள், ஆனால் என்னிடம் வரவில்லை. மரங்களுக்குள்ளிருந்து முதலில் சிவப்பு வெளியே வரும், பின்னாலேயே தாயின் பச்சைப் பலகை. நேரே வரிசையில் போய் நின்று திரும்பவும் மேலே ஏறுவார்கள். திரும்பவும் மரம். திரும்பவும் கதிரை. தேத்தண்ணி ஆறியது. எனக்குப் பசி எடுத்தது, கோபமும் வந்தது. ஒரு மனுசன் குளிரில் நிற்கிறான் என்ற நினைப்பே இல்லையே என்று தனியே புறுபுறுத்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் வேறு யாரும் வரவில்லை என்பதைக் கவனித்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பின்னேரம் நான் காரடிக்குத் திரும்பிய பிறகு மனைவி மட்டும் முதலில் வந்தாள். மகள் கழிப்பறைக்குப் போயிருந்தாள். மனைவி தலைக்கவசத்தைக் கழற்றியபோது கண் சிவந்திருந்தது. எங்கேயோ அடிபட்டுவிட்டது என்று பதறினேன்.

"அடி ஒண்டும் இல்லை," என்றாள். "மலையில அவளுக்கு ஒரு ஃப்ரெண்டும் இல்லையப்பா. ஒரு நாளும் இருக்கேல்ல. இவ்வளவு காலமும் தனியத்தான் போய் வந்தவள்."

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பில் கூடித் திரிந்த பிள்ளைகள் ஒரு நாள் இவளை விட்டுவிட்டார்களாம். காரணம்கூடச் சொல்லவில்லையாம். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க லைப்ரரியில் இருந்திருக்கிறாள். மலையில் மட்டும்தான் ஒருவரும் யாரோடு வந்தாய் என்று கேட்கமாட்டார்களாம். அதனால்தான் மலை, மலை என்று நின்றிருக்கிறாள்.

"உமக்கு எப்பிடிச் சொன்னவள்? கேட்டனீரோ?"

"நான் ஒண்டும் கேக்கேல்ல. முதல் ரெண்டு தரம் ஏறேக்குள்ள ரெண்டு பேரும் பேசாமத்தான் இருந்தனாங்கள். மூண்டாந்தரம் தானாத் தொடங்கினாள். ஏன் பிள்ளை வீட்டில சொல்லேல்ல எண்டு கேட்டன்." மனைவி கையுறையால் மூக்கைத் துடைத்தாள். "வீட்டில நீங்கள் ரெண்டு பேரும் முன்னால வந்து நிண்டு முகத்தைப் பாத்துக் கேக்கிறியள், என்னால சொல்லேலாமல் கிடந்தது எண்டாள். உந்தக் கதிரையில பக்கத்தில பக்கத்தில இருந்து ரெண்டு பேரும் முன்னுக்குத்தானே பாக்கிறம் எண்டாள்."

பிள்ளை அந்த மரங்களுக்குள் தனியே நுழைந்து வந்த ஒவ்வொரு நாளும் நான் கீழே காருக்குள் இருந்து புட்டுத் தின்றிருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது. மகள் கழிப்பறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். அவளை நிறுத்தி, தோளைப் பிடித்து, ஏன் பிள்ளை, ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல என்று கேட்க ஒரு அடி எடுத்து வைத்தேன்.

மனைவி என் கையைப் பிடித்தாள்.

மகள் வந்து, "அப்பா, தேத்தண்ணி இருக்கோ?" என்றாள்.

"ஆறிப்போச்சு," என்றேன்.

"பரவாயில்லை."

ஊற்றிக் கொடுத்தேன். அவளுக்குப் பக்கத்தில் போய் காரில் சாய்ந்துகொண்டு, எனக்கு ஆகாத அந்தப் பனிமலையைப் பார்த்தபடி நின்றேன். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு என் முழுப் பலமும் தேவைப்பட்டது. கதிரைகள் வெறுமனே மேலே போய்க்கொண்டிருந்தன. அவள் பாதிக் கோப்பை குடித்து முடித்தாள். பிறகு மலையைப் பார்த்தபடியே, "அப்பா, லைப்ரரியில நான் இருந்த இடத்தில ஒரு ஹீட்டர் இருந்தது" என்று தொடங்கினாள்.